ஆம்

ராம்சந்த் சதுக்கத்திலிருந்து இறங்கும் படிக்கட்டில்
ஆறாவது படிக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை,
தேயிலைத் தூள் பாக்கெட்டுக்கு லேபிள்.
கோத்தகிரி மழையில்
காகிதக் கட்டுகளுக்கே ஜலதோஷம் பிடிக்கும்.

புரட்டாசியில் மீன்கடை ரெஜினால்டு வந்தான்.
சிகரெட் அட்டையின் உட்புறம் முழுக்கக் கிறுக்கல்.
தண்ணிக்குள்ளேயே வாழும் பாம்பாம்.
தாய்லாந்திலிருந்து வருகிறதாம்.
மூக்கின் இருபுறமும் மீசை மாதிரி முளைத்திருக்குமாம்.
விஷமே இல்லையாம்.
குளிர் தாங்குமாம், ஹீட்டர் வேண்டாமாம்,
பண்ணையில் பொரித்த குஞ்சுகளாம்,
உலர்ந்த தீனி போட்டால் போதுமாம்,
காகிதமெல்லாம் சரியாக இருக்குமாம்.
சொல்லச் சொல்ல அவனே வியந்தான்.
கொளத்தூர் மொத்த வியாபாரி அவனிடம் சொன்னது.
அந்த ஆளுக்கு யாரோ போனில் சொன்னது.

கால் பக்க நோட்டீஸ்.
'மீசைக்காரன் வந்துவிட்டான்' என்ற தலைப்பு
என் யோசனை. அதற்கு ஒரு டீ வாங்கித் தந்தான்.
வரிகள் பெட்டிக்கு வெளியே வழிந்தன.
எழுத்தைச் சின்னதாக்கட்டுமா என்றேன்.
வேண்டாம், வயசானவங்களும் படிக்கணும் என்றான்.
அதனால் 'ஆம்'களை எடுத்தேன்.
வேறொன்றும் செய்யவில்லை.
விஷமே இல்லை. குளிர் தாங்கும். ஹீட்டர் வேண்டாம்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
"இப்பத்தான் விளம்பரம் மாதிரி இருக்கு."

ஒருமுறை அவன் கடையில் அதைப் பார்த்தேன்.
குடைக் கைப்பிடி போல் வளைந்து
அசையாமல், ஊறிய சுள்ளியின் நிறத்தில்.
குட்டி மீன் ஒன்று பக்கத்தில் வந்ததும்
கழுத்துக்குக் கீழே உடம்பில் சின்னதாக ஒரு துடிப்பு.
மீன் அதற்கு மிரண்டு எதிர்ப்புறம் பாய்ந்தது.
எதிர்ப்புறம் வாய் இருந்தது.
ரெஜினால்டு கை தட்டினான்.
உலர்தீனிப் பொட்டலம்
பிரிக்காமலே தொட்டியின் மேல் கிடந்தது.
நானும் பார்த்தேன், பொட்டலத்தை.

மார்கழியில், புல்லெல்லாம் உப்பாகக் கிடந்த காலையில்,
ஹால்தொரை படியிறங்கி வந்தார்.
அருவங்காடு வெடிமருந்து ஆலையில் முப்பத்தோரு வருஷம்
எச்சரிக்கைப் பலகைகளை வரிவரியாகப் படித்துக் கீழ்ப்படிந்தவர்.
அச்சடித்ததை நம்பித்தான்
பத்து விரலோடு ஓய்வுபெற்றார்.
அதில் ஒரு விரல் இப்போது வீங்கியிருந்தது.

"லேசான விஷம்தானாம். மனுஷனை ஒன்றும் செய்யாதாம்.
டாக்டர் சொல்றார்."
தொட்டிக்குக் கம்பளி சுற்றியிருக்கிறார்.
மணிக்கொருதரம் எழுந்து
வெந்நீர்ப் பையை மாற்றியிருக்கிறார்.
நாற்பது நாள் அது எதையும் தொடவில்லை.
"விலாவில் பழைய தழும்பு, வலை அறுத்தது.
பண்ணையில் பொரிச்சதுக்கு எதுக்கும்மா வலைத் தழும்பு?
அதுவும் இது முட்டையே போடாத ஜாதியாம்.
குட்டிதான் போடுமாம்."
அவருடைய 'ஆம்'களை
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கே என்றேன்.
ஃப்ரிட்ஜில், என்றார். சாட்சிக்கு.

சத்தம் போடவில்லை. மஃப்ளருக்குள்ளிருந்து
நோட்டீஸை எடுத்து, மடிப்பை நீவி,
மூன்று காப்பி கேட்டார், ஊட்டி நுகர்வோர் கோர்ட்டுக்கு.
ஆறு ரூபாய். வாங்கிக்கொண்டேன்.
மெஷினின் பச்சை வெளிச்சம் அதன்மேல் மூன்றுமுறை நகர்ந்தது.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
ரெஜினால்டுக்கு ஒரு செல் நம்பர் மட்டும்,
அதுவும் கார்த்திகையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.
தாளில் முழு முகவரி ஒன்றே ஒன்று,
அடியில், எறும்பு வரிசை போல்,
அச்சிட்டோர் என்று
என்னுடையது.

அறுவடையில்லாத எங்கள் மலைக்கும் தை வந்தது.
தபாலும் வந்தது.
மேற்படி துண்டுப் பிரசுரத்தைத் தயாரித்தது தாங்கள்தானா?
ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதவும்.
பக்கத்தில் ஒரு பெட்டி.
இடம் தாராளமாக விட்டிருந்தார்கள்.