அடியெடுத்துக் கொடுத்தவர்

ரீகாவின் பழைய சோக நாடகம் ஒன்றை
உளவுப் படமாக்க
ஐந்து அங்கங்களையும் மேசையில் பரப்பினாள் ஸ்கைட்ரீதே.

சேடி இனிச் சங்கேத எழுத்தர்.
திரைக்குப் பின்னால் ஒளிந்து கேட்டவனுக்கு
ஒரு காதுக்கருவி போதும்.
அரசி குடித்த நஞ்சை
டிராம் நிறுத்தத்துக் காபியில் கலந்தாயிற்று.
கடைசியில் மூச்சிரைக்க ஓடிவரும் தூதன்தான்
எங்கும் ஒட்டவில்லை.
எல்லாம் முடிந்தபின் வந்து சொல்பவனை
யார் வேவுக்கு வைத்துக்கொள்வார்கள்?

கேட்டு வரலாமென்று போனாள்,
முப்பது வருடம் மேடைக்கடியில் குந்தி
நடிகர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்த
இல்மார்ஸிடம்.

தன் பிரதியை நீட்டினார்.
ஓரமெல்லாம் பென்சில்.
அரசியின் பெருமூச்சுக்குப் பக்கத்தில்:
டைனா. ஸ்டாக்ஹோமில் அண்ணன். கடிதம் வருகிறது.
இன்னொரு பக்கத்தில் வெறும் தேதி.

"எடுத்துக் கொடுப்பதுதானே என் வேலை" என்றார்.
"மேடைக்கும். அவர்களுக்கும்."

பீட்ரூட் சூப் ஆறி ஆடை படிந்தது.
கதவுவரை போனவள் திரும்பி
தூதனைப் பற்றிக் கேட்டாள்.

"அவனா?
வரி மறந்தாலும் என் பக்கம் குனியமாட்டான்.
தானாக நினைவு வரும்வரை
அப்படியே நிற்பான்.
அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.
நானும்தான்."