ஒன்று

பம்பு நின்றது பதினொன்றரைக்கு.
நின்ற பிறகுதான் அத்தனை நேரம்
அது இரைந்துகொண்டிருந்தது காதுக்குத் தெரிந்தது.
வெளியே மைனஸ் இருபத்தேழு. நரின் ஆறு
மேலே கெட்டி, அடியில் மட்டும் ஓட்டம்.
நாற்பத்தொரு வீட்டுக் குழாய்களில்
வெந்நீர் நடக்காமல் நிற்கிறது.
"மூன்று மணி நேரம்" என்றான் ஜூமாகாதிர்,
கரி மண்வெட்டியைக் கீழே வைக்காமல்.
"அப்புறம் குழாய் பேச ஆரம்பிக்கும்."
வெடிப்பதை அவன் அப்படித்தான் சொல்வான்.

மீட்டரை எடுத்தால் திரை வெறுமை.
வண்டியிலேயே கிடந்ததில் பேட்டரி விறைத்திருந்தது.
கோட்டுக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு
பெட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றினேன்.
கடைசித் திருகு, வழக்கம்போல், தகராறு.

உள்ளே வருவது இருநூற்று இருபத்துமூன்று.
வெளியே வரவேண்டியது இருபத்துநான்கு.
வந்தது சுழியம்.
ஆக, நடுவில் இருக்கிற நீ,
சோப்புக்கட்டி அளவு டிரான்ஸ்பார்மர்.

மெயினை இறக்கி, இறங்கிவிட்டதா என்று அளந்து,
நான்கு கம்பிகளையும் அவிழ்த்தேன்.
முதலில் மீட்டரின் இரு முனைகளையும்
ஒன்றோடொன்று தொடவிட்டேன்: 0.4.
அது மீட்டரின் சொந்தக் குறை.
யாரை அளந்தாலும் அதைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இரண்டாம் சுற்று 2.1. கழித்தால் 1.7. பிழையில்லை.
முதல் சுற்று:
திரையின் இடது ஓரத்தில், தனியாக, 1.
ஒரு ஓம் இல்லை அது.
எல்லை தாண்டிவிட்டது, முடிவே இல்லை, எனக்குத் தெரியாது
எல்லாவற்றுக்கும் இந்த மலிவு மீட்டர் எழுதக் கற்றது
அந்த ஒரு கோடுதான்.

சுற்றுக்கும் இரும்புக்கும் நடுவே வைத்தேன். 1.
இங்கே அது நல்ல செய்தி.
அங்கே இருந்த வழி அறுந்தது. இங்கே வழியே இருக்கக்கூடாது.

மனசு கேட்கவில்லை. மறுபடி முதல் சுற்று.
குமிழைத் திருகினேன்: இரண்டாயிரம், இருபதாயிரம், இரண்டு லட்சம்.
1. 1. 1.
இருபது லட்சத்தில்
812!
"உயிர் இருக்கிறது" என்று கத்தினேன்.
அவன் உலைக்கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தான்.
எண் நடுங்கியது. 790. 834. அழுத்தினால் இறங்கியது.
செம்பு நடுங்காது.
அப்போதுதான் பார்த்தேன்
கையுறை கழற்றிய என் இரண்டு கட்டைவிரல்களும்
உலோக முனைகளின் மேல்.
இவ்வளவு நேரம் அளந்தது என்னை.
வலது கையிலிருந்து இடது கைவரை,
நடுவில் நெஞ்சு உட்பட,
எட்டு லட்சத்துச் சொச்சம் ஓம்.
விரலை எடுத்தேன். 1.
"பரவாயில்லை, நீயாவது இருக்கிறாயே"
என்று சொல்லிவிட்டு அவன் கரி அள்ளப் போனான்.

மஞ்சள் நாடாவை நகத்தால் நெம்பினேன்.
மூன்றாம் மடிப்பின் அடியில்
அரிசிமணி அளவில் ஒரு சூட்டு ஃப்யூஸ்.
நூற்று முப்பது டிகிரியில் செத்துப்போகவென்றே வைத்தது,
சொன்னபடி செத்திருந்தது.
அதைத் தாண்டி முனையை வைத்தேன், விரல் படாமல்:
96.3.
அசையாத 96.3.

மாற்று ஃப்யூஸ் இருப்பது பிஷ்கெக்கில்.
தோலோன் கணவாய் தாண்டி வேன் வந்து சேரப் பத்து மணி,
பனி விட்டால்.
எதனால் சூடானது என்று தெரியாமல்
குறுக்கே கம்பி போடக்கூடாது. தெரியும்.
தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இரண்டு இடத்தில்.
ஒன்று அடிக்கப் பத்து நிமிடம். போட்டேன்.

பம்பு ஒருமுறை இருமிற்று. பிறகு அந்த இரைச்சல்.

மூடியை மாட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து,
இரும்புக்கும் சுற்றுக்கும் நடுவே வந்த
அந்த 1-ஐ நம்பி
இரும்பின்மேல் புறங்கையை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
கால் மணிக்கு ஒருமுறை வைப்பது.
வைத்திருக்க முடியாமல் போகிற நொடியில் சுவிட்சை இறக்குவது.
மூன்றரைக்கு ஜூமாகாதிர் முறை மாற்றினான்.
உள்ளங்கை வேண்டாம், காய்ப்பேறியது, மணிக்கட்டை வை என்றேன்.
வைத்தான். சூடா என்றேன்.
"என் மனைவி ஊற்றும் தேநீரைவிடக் குறைவு."

பதிவேட்டில் எழுதினேன்:
சூட்டு ஃப்யூஸ் இல்லை.
பதிலுக்கு, காலை பத்துவரை,
சைகால், ஜூமாகாதிர்.