மற்றவை

பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு
மேல் ஹீங்கொடைக் கோறளை என்றார் அடைக்கன்.
அடித்துப் பார்த்தேன், வரவில்லை.
றகரத்துக்கு ரகரம் போட்டேன்,
ளகரத்துக்கு லகரம்.
கொள்ளிடமா என்று கேட்டது கணினி.

அப்படி ஒரு கோறளையே இப்போது கிடையாதாம்.
இவர்கள் கப்பலேறிய மூன்றாம் வருஷம்
அதைப் பிரித்துப்
பக்கத்துக் கோறளைகளோடு ஒட்டிவிட்டார்களாம்.
யாரோ கடிதத்தில் எழுதியிருந்தது.
மிச்சம் இருப்பது
பாலிதீன் உறைக்குள் நாலாய் மடிந்த தாளும்
பதிவுகாரரின் ஊதா மையும்.

பக்கத்து ஊர் ஏதாவது போடலாமே என்று
எல்லை எதுவரை எனக் கேட்டேன்.
ஐஸ் கம்பெனியில் விறைத்துப்போன விரலால்
என் மேசையில் படிந்த உப்புத்தூசியில்
வரைய ஆரம்பித்தார்:
"இதுவரைக்கும் அட்டை கடிக்கும்.
இதுக்கு மேல குளிரு, அதுவும் வராது.
இது கங்காணி வீட்டு வளைவு.
இந்த ஓடையத் தாண்டினா
வேற தொரை, வேற றாத்தல் கணக்கு.
இங்கதான் அம்மாவப் பொதைச்சது..."
விரல் மேசை விளிம்புக்கு வந்து நின்றது.
"அது கோறளைக்கு உள்ளயா வெளியவா
சரியாத் தெரியலம்மா."

வெளியே கச்சான் வீசிக்கொண்டிருந்தது.
மண்டபத்தில் எங்களுக்கு உயரமென்றால்
பாம்பன் பாலம்தான்.
மலை எப்படி இருக்கும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
"ஆதார் கொண்டாந்தீங்களா?" என்று வந்தது.

என் பிறப்புச் சான்றிலும்
பசும்பொன் மாவட்டம் என்றே இருக்கிறது.
அந்தப் பேரில் இப்போது மாவட்டமில்லை.
தேவகோட்டை கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது,
பெயிண்டர் வந்துபோனார், அவ்வளவுதான்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
சனிக்கிழமை எனக்கு பஸ் இருக்கிறது,
ஜன்னலோரம் இடமும் கிடைக்கும்.

பட்டியலின் அடியில் 'மற்றவை' இருந்தது.
அழுத்தினேன்.
உதவித்தொகை மனு ஏறிக்கொண்டது.
அச்சாகி வந்த சீட்டைக் கண்ணருகே பிடித்து
எழுத்துக்கூட்டி வாசித்தார்.
"மற்றவையா? அது எந்தப் பக்கம் வருது?"
சிரிக்கிறாரோ என்று பார்த்தேன்.
இல்லை.

துண்டை எடுத்து மேசையைத் துடைக்கப் போனார்.
இருக்கட்டும் என்றேன்.

முப்பத்தொன்றாம் டோக்கன், சேசுராணி,
வாரிசுச் சான்று.
வந்ததும் முழங்கையை ஊன்றப் பார்த்தாள்.
"அக்கா, கையை
இந்தப் பக்கம் வைங்க."