குறிப்பு எண் 4417

இரவு பதினொன்று நாற்பது.
சன்னலுக்கு வெளியே மழை,
தொலைபேசிக்குள் அதைவிடப் பெரிய மழை.
இசிப்பிங்கோ. டாக்சி நிலையத்திலிருந்து
கார் தொழிற்சாலைக்குப் போகிற சாலை.
சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை என்றாள்.
பழைய இரும்பு கிலோ என்ன விலையென்று
இந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும்.
பெயர் கேட்டேன். அம்சா.
முழுப்பெயர்?
"அது போதும் தம்பி, குழிதான் பெரிசு."
ஆங்கிலத்தில்தான் பேசினாள். தம்பி மட்டும் தமிழ்.

குறிப்பு எண் கொடுத்தேன்.
எட்டு வருடமாகக் கொடுத்துவருகிறேன்,
கோயில் வாசலில் திருநீறு மாதிரி.
பசி ஆறாது,
வெறுங்கையோடு திரும்பியதாகவும் இருக்காது.
நிலை என்ற கட்டத்தில்
'திறந்துள்ளது' என்று பதிந்தேன்.
புகாரைத்தான் சொன்னேன்.

பன்னிரண்டு ஐம்பது. மறுபடி அவள்.
"தண்ணி ஏறிடுச்சு. குழி எங்கேன்னே தெரியல,
ரோடு முழுக்க ஒரே கறுப்பு."
விலகி நில்லுங்கள் அம்மா என்றேன்,
கையேட்டின் ஆறாம் பக்கத்து வாக்கியம்.
"நான் விலகினா
எது ரோடு எது குழின்னு யார் சொல்வா?"

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
அங்கே வெள்ளம் முழங்கால்வரைதான்.
ஒரு சாண் தள்ளிக் கால் வைத்தால்
ஓர் ஆள் முழுசாக உள்ளே போகலாம்.

பழுதுவண்டி அன்றிரவு ஒன்றே ஒன்று.
அது உம்லாசியில், சாய்ந்த மின்கம்பத்தின் அடியில்.
ஓட்டுநர் முசா டூபே வானொலியில் சொன்னான்:
கம்பியில் மின்சாரம் இருக்கிறது,
பக்கத்தில் பள்ளிக்கூடம், நகர மாட்டேன்.
அவன் சொன்னதும் சரி.
இரண்டு சரிகளுக்கு நடுவே என் நாற்காலி,
அதன் சக்கரம் ஒன்று வேலை செய்யாது.

இரண்டே கால். அவள் பற்கள் தந்தியடித்தன.
குழி விளிம்பில் துடைப்பக் கட்டையை ஊன்றி
நுனியில் சிவப்புத் துவாலை கட்டி
பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம்.
வீட்டில் தேட மாட்டார்களா?
"மகன் வந்தான். சார்ஜர் கொண்டுவந்தான்.
குடையை விட்டுட்டான், மடையன்."

நாலு இருபது. முதல் ஷிப்டு ஆட்கள்.
தொலைபேசியை அணைக்காமல் பையில் போட்டிருந்தாள்.
கேட்டுக்கொண்டிருந்தேன்:
இந்தப் பக்கம், இந்தப் பக்கம், ஹம்பா கஹ்லே.
இருட்டில் ஒருவன் நின்று
என்ன விற்கிறாய் என்று கேட்டான்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
பிறகு வேறு அழைப்பு வந்தது,
யாரோ ஒருவர் நாய் குரைப்பதாக.

ஐந்து பத்து. முசா போய்ச் சேர்ந்தான்.
கட்டுப்பாட்டறை, என்றான்,
இங்கே நிற்பது யார் தெரியுமா?
கம்பத்துக்குக் கம்பம் சிரித்த முகம்.
நம்ம வார்டு கவுன்சிலர்.

பழைய கூட்டக் குறிப்பைத் தேடி எடுத்தேன்.
பூட்டுள்ள மூடிகள் வாங்குவது: அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பு.
அந்தப் பணத்தில் அலுவலக வண்டி நிறுத்தத்துக்கு மதில்.
கை தூக்கியவர்கள் வரிசையில்
ஏழாவதாக அவள்.

அவள் அதை நினைத்துத்தான் நின்றாளா,
தெரியாது. கேட்கவில்லை.
தூக்கிய கை ஒரு நொடியில் இறங்கிவிடும்.
கால்கள் விடியும்வரை நிற்க வேண்டியிருந்தது.

மூடி போட்டார்கள். இரும்பு இல்லை, சிமெண்டு.
கட்டத்தில் 'மூடப்பட்டது' என்று மாற்றினேன்.
அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்று
முசாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.
'பொதுமக்களில் ஒருவர்' என்று எழுதினேன்.
இது அறிக்கை இல்லை.
அம்சாவதி கோவெண்டர்.

விடியும் நேரத்தில் ஒரு செருப்பு
குழிக்குள் போய்விட்டதாம்.
அதற்குக் குறிப்பு எண் வேண்டுமா என்று கேட்டேன்.
முசா சிரித்தான்.
அவள் ஏற்கெனவே போய்விட்டாள் என்றான்,
ஒற்றைச் செருப்போடு,
தண்ணீர் வடிந்திருந்த பக்கமாக.