இடம், வலம்

எஸ்ட்கோர்ட் கடையில் ஃபெர்மாக்
துப்பாக்கிகளை என் கணவரிடம் காட்டுகிறார்.
லிங்கப்பன் வண்டி ஓட்டி வந்தவர்,
தீபாவளி வெடிக்கே காதைப் பொத்துகிறவர்.
தேர்வெழுதித் தகுதிச் சான்று வாங்கியவள் நான்.
"அவங்ககிட்ட பேசுங்க" என்கிறார்,
இது நாலாவது தடவை.

பம்ப் வாங்குங்கள், ஐந்து தோட்டா கொள்ளும்,
என்கிறார் ஃபெர்மாக், இன்னும் அவரையே பார்த்து.
ஐந்தாவது தோட்டாவுக்கு
நரி காத்திருக்காது என்கிறேன்.
முதல் சத்தத்தில் அது அடுத்த பண்ணையின் கவலை.
எனக்கு இரண்டு போதும்.
அருகருகே படுத்த இரண்டு குழல்,
இரண்டு குதிரை.
அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன,
மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி.
பதினோரு குட்டிகளைக்
குடல் சரிந்தபடி பொறுக்கியெடுத்த பிறகு
அந்தச் 'சரி' எங்கள் பண்ணையில் செல்லாது.
ஆகவே இடக்குழலுக்கு இறுக்கிய வாய்,
தூரத்தில் நிற்பதற்கு.
வலக்குழலுக்குத் தளர்ந்த வாய்,
கிட்டே வருவதற்கு.
சோக் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு
ஃபெர்மாக் ரசீது எழுதினார்.

உரிமத்தாள் வர எட்டு மாதம்.
நரிக்கு அதற்குள் அடுத்த ஈற்று.

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில்
தெம்பின்கோசி கரியால் ஒரு நரி வரைந்தார்.
இம்புங்குஷே என்று கீழே பெயரும் எழுதினார்,
இல்லாவிட்டால் கன்றுக்குட்டி என்றுதான் நினைத்திருப்போம்.
நாற்பது தப்படி எண்ணி நின்று
இடக்குழலில் பெரிய ரவை போட்டுச் சுட்டேன்.
போய்ப் பார்த்தால்
காதில் மூன்று, வாலில் இரண்டு,
மற்றதெல்லாம் புல்வெளிக்கு.
நெஞ்சில் ஒன்றுமில்லை.
ஒரு நரி முழுசாய் நுழைந்து போகும் ஓட்டை,
நான் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய இறுக்கத்தில்.

பெரிய ரவை இறுக்கினால் முட்டிமோதிச் சிதறும்,
தெம்பின்கோசிக்கு அது முன்பே தெரியுமாம்.
சொல்லியிருக்கலாமே என்றேன்.
நீ அட்டையைக் கேட்டாய், என்னைக் கேட்கவில்லை என்றார்.
அட்டையைத் திருப்பிப் போட்டு
ஒரு நம்பர் சின்ன ரவை.
இந்த முறை சல்லடை.
லிங்கப்பன் துளைகளைப் பேனாவால் வட்டமிட்டு எண்ணினார்,
ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டே.

ஜூலை. புல்லெல்லாம் உறைபனி.
முயல் கதறுவது போல் ஊதும் குழலை
உதட்டில் வைத்தால் உதடு ஒட்டிக்கொள்கிறது.
மூன்று முறை ஊதினேன்.
நாற்பது தப்படியில் ஒரு கல்லை
அடையாளம் வைத்திருந்தேன்.
கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது கல் பக்கம் வரவில்லை.
என் பின்னால் எங்கோ சுற்றி
வாட்டில் மரத்தடியில் வந்து நின்றது,
பன்னிரண்டு தப்படியில்.
முதுகில் கருப்பு, வெள்ளி தூவிய கருப்பு.
வயிற்றில் மயிர் உதிர்ந்து, முலைகள் தெரிந்தன.
முயல் எங்கே என்று
என் முகத்தைப் பார்த்தது.

நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பார்கள்.
மனுஷி முகத்தில் முழித்த நரிக்கு என்னவென்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

இந்தத் தூரத்துக்கு நான் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை.
வாய் இறுக்கம், ரவை நம்பர், எட்டு மாதம்,
எல்லாம் நாற்பதுக்கு.
பன்னிரண்டில் எந்தக் குழலும் ஒன்றுதான்.

வலது.

பட்டியில் ஆடுகள் ஒருமுறை நிமிர்ந்து
மறுபடி வைக்கோலுக்குக் குனிந்தன.
இடக்குழலைத் திறந்து
சுடாத தோட்டாவை மேல்கோட்டுப் பையில் போட்டேன்.
அடுப்பில் லிங்கப்பன்
உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்.
என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
பையிலிருந்து அதை எடுத்து
மேசையில், தட்டுக்குப் பக்கத்தில்
நிற்கவைத்தேன்.
உருளாமல் நின்றது.