ரெண்டு சுழி, மூணு சுழி

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மாடி.
ஒரு மேசை, இரண்டு திரை, கழுத்து நிற்காத ஒரு ஃபேன்.
எனக்கு போர்டு கிடையாது.
ஊரார் கடைகளைக் கூகுளில் ஏற்றிவிடுகிறவளுக்கு
போர்டு எதற்கென்று விட்டுவிட்டேன்.

காலையில் சேவுகன்:
"ரெஜினா, நேத்து நாலாவதா இருந்தோம்,
இன்னிக்கு ஆறுங்குதே?"
சாயங்காலம் வயிரவன்:
"நாம அஞ்சு. சரி. அவன் எத்தனை?"

அவன் என்றால் பங்காளி.
ஒரே வளவு, நடுவில் பூசாத செங்கல் சுவர்,
இந்தப் பக்கம் ஒரு பலகாரக் கடை, அந்தப் பக்கம் ஒன்று.
மற்றவருக்கும் நான்தான் என்று இருவருக்கும் தெரியும்.
கேட்டதில்லை.
ஆளுக்கு மாதம் நாலாயிரம் வாங்கிக்கொண்டு
இருவரையும் முதலிடத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.
முதலிடம் ஒன்றுதான் என்று சொல்ல
இன்னும் நல்ல நேரம் வாய்க்கவில்லை.

மனகோலத்துக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?
சேவுகன் ரெண்டு சுழிக் கட்சி. வயிரவன் மூணு.
வளவு வழக்கு முடிந்திருந்தால்
இதற்கும் தேவகோட்டை கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்.
தேடுகிறவர்களுக்குச் சுழியே கிடையாது.
ராத்திரி இரண்டு மணிக்கு எங்கிருந்தோ ஒருத்தி அடிக்கிறாள்:
'வெல்லப்பாகு போட்ட முறுக்கு மாதிரி ஆனா முறுக்கு இல்ல'.
அதை அப்படியே எடுத்து ஒரு பக்கத்துக்குத் தலைப்பாக வைத்தேன்,
அந்த மாதம் முதலில் பணம் போட்டவருக்கு.

படங்களை இளைக்கவைத்தேன்.
ஏழு விநாடி முக்கிய பக்கம் இரண்டில் திறக்கிறது.
அவசரப்படும் விரலுக்கு அந்த ஐந்து விநாடி
கல்லுக்கட்டியிலிருந்து கழனிவாசல்.
"ஒருத்தருக்கொருத்தர் இணைப்புக் குடுங்க, ரெண்டும் ஏறும்."
"எங் கடைப் படியில அவன் பேரா?"
சொல் மாறாமல் இருவரும்.

சித்திரையில் தேடுபொறிக்குப் புத்தி மாறியது.
ராவோடு ராவாக இரண்டு கடையும் மூன்றாம் பக்கம்.
மூன்றாம் பக்கத்துக்குத் தேடி வருகிறவன்
கடன் கொடுத்தவன் மட்டும்தான்.
முதலிடத்தில் அடுப்பே இல்லாத ஒரு கம்பெனி;
அவர்கள் படத்தில் இருந்தது
சேவுகன் கடைத் தட்டு.

அந்த வாரமே பெரியப்பா போய்ச்சேர்ந்தார்.
இருவருக்கும் பெரியப்பா. தொண்ணூற்றொன்று.
பங்காளித் தீட்டு, எண்ணெய்ச் சட்டி ஏறாது.
வரைபடத்தில் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று
சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே சிவப்பில் போட்டேன்.

இரங்கல் பக்கம் ஒன்று வேண்டுமென்றார் சேவுகன்.
பாதிச் செலவு வயிரவன்.
ஆளுக்கொரு பத்தி எழுதி அனுப்பினார்கள்.
கடைசிவரை மனகோலம் கேட்டாராம், ரெண்டு சுழியில்.
பல் போனபின்னும் மணகோலம் கேட்டாராம், மூணு சுழியில்.
நான் எதையும் திருத்தவில்லை.
இப்படிக்கு என்பதன் கீழே வயது வரிசையில் இருவரும்.
பேரைத் தொட்டால் கடை திறக்கும்படி வைத்தேன்.
யாரையும் கேட்கவில்லை.

பினாங்கு, சிட்னி, திருப்பூர்.
பேரன் பேத்திகள் பகிர்ந்தார்கள்,
அவர்கள் அலுவலகத்தில் இருந்தவர்களும்.
விரல்கள் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று
அங்கிருந்து கடைக்குப் போயின.

பதினேழாம் நாள் எண்ணெய் காய்ந்தது.
காலையில் வயிரவன்: "மூணாவதா? அவன் ரெண்டா?"
பத்து நிமிஷத்தில் சேவுகன்:
"ரெண்டு சரி. அப்ப மொத ஆளு யாரு?"

பெரியப்பா, என்றேன்.

ஜெராக்ஸ் மிஷின் கீழே ஏழெட்டுப் பக்கம் ஓடியது.

"சரி," என்றார்.
"மூத்தவரு. இருக்கட்டும்."