தசம் ஐந்து

கடல் நீரில் உப்பு மூன்றரைச் சதவீதம்.
கிணற்று நீரில் சுழியம்.
இறால் குஞ்சுக்கு வேண்டியது ஒன்றரை.
தொள்ளாயிரம் லீற்றர்த் தொட்டி நிரம்பக்
கடல் எவ்வளவு, கிணறு எவ்வளவு?

சிமெந்துப் பையின் உள்தாளைக் கிழித்து
அதில் எழுதினேன்.
உப்பாற்றுப் பாலத்தால் கடைசி பஸ் போய்விட்டது.
ஜெனரேற்றர் இருமிக்கொண்டிருந்தது.
கடலுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்தேன்.
கடலுக்குப் பெயர் வைப்பது இவ்வளவு லேசென்று
பத்தாம் வகுப்பில் தெரியவில்லை.
அப்போது எக்ஸ் என்றால்
சிவப்பு மையில் விழுவது.

மூன்றரை எக்ஸ் சமன் ஆயிரத்து முந்நூற்றைம்பது.
எக்ஸ், முந்நூற்றெண்பத்தாறு. சொச்சத்தை விட்டேன்.
றிஸ்மியா மோட்டரைப் போட்டாள்.
குழாயில் முதலில் கடல் வந்தது,
பிறகு கிணறு.
மீற்றரைத் தோய்த்தோம்.
ஒன்று தசம் எட்டு.

துடைத்துவிட்டுத் திரும்பத் தோய்த்தோம்.
ஒன்று தசம் எட்டு.
டோர்ச் வெளிச்சத்தில் தாளை வரிவரியாகப் பார்த்தேன்.
பெருக்கல் சரி. வகுத்தல் சரி.
இவ்வளவு சரியான கணக்கை
நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

றிஸ்மியா ஒன்றும் பேசவில்லை.
கிணற்று வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.
பிறகு மீற்றரை அதற்குள் இறக்கினாள்.

தசம் ஐந்து.

குடிக்க எங்களுக்குப் பவுசர்த் தண்ணி வரும்.
இதில் முகம் மட்டும்தான் கழுவுவோம்.
சவர்க்காரம் நுரைக்காத அன்றே
யோசித்திருக்க வேண்டும்.
சுழியம் என்று எவரும் சொல்லவில்லை,
நானே எழுதினேன்.
புத்தகத்தில் தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர்.
இது கடல் ஒருமுறை உள்ளே வந்து
பார்த்துவிட்டுப் போன கிணறு.

முதலே தசம் ஐந்தைப் போட்டிருந்தால்
கடல் முந்நூறு, கிணறு அறுநூறு.
ஒன்றுக்கு இரண்டு.
வாய்க்கணக்கு.
ஒரு தசத்தைச் சேர்த்திருந்தால்
எல்லாத் தசமும் போயிருக்கும்.

இப்போது தொட்டி விளிம்பு மட்டும் நிற்கிறது.
கூட்ட இடமில்லை. எடுத்தால்தான் ஊற்றலாம்.
கடலை மட்டும் எடுத்துவிட்டால் முடிந்தது என்றாள்.
எடு பார்ப்போம், என்றேன்.

இந்த மாவட்டத்தில் சதவீதம் என்றாலே
ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.
தேர்தல் கிட்டினால் சலூனிலும் பெட்டிக்கடையிலும்
எந்தப் பக்கம் எத்தனை என்று வகுத்துப் பார்ப்பார்கள்.
அவர்களும் எங்கேயோ ஒரு கிணற்றுக்குச்
சுழியம் போட்டுத்தான் தொடங்குகிறார்களாக்கும்.
நானும் றிஸ்மியாவும் அந்தக் கணக்கில்
இரண்டு வேறு நிரலில் வருவோம்.
இன்றிரவு ஒரே வாளியின் ஒரே பிடியில்.

முந்நூற்றெண்பத்தாறு முந்நூறாக வேண்டும்.
ஒன்பதில் இரண்டு பங்கு போக வேண்டும்.
எதை அள்ளினாலும் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.
இருநூறு லீற்றர்.
இருபது வாளி வெளியே, இருபது வாளி உள்ளே.

சுவரில் நான் கரிக்கோடு போட்டேன்,
அவள் வாயால் எண்ணினாள்.
பதினொன்றா பன்னிரண்டா என்று
ஒரு சண்டை.
வெளியே ஊற்றியது வாய்க்காலால் உப்பாற்றுக்குப் போனது.
அங்கே ஆறும் கடலும்
எவரும் எக்ஸ் என்று எழுதாமலே
கலந்துகொண்டு கிடந்தன.

ஒன்று தசம் ஐந்து காட்டியபோது
மணி மூன்றரை.
ஒட்சிசன் அடைத்த பைகளில்
குஞ்சுகள் விடியத்தான் வரும்.
றிஸ்மியா சாக்கை விரித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.
எனக்கு நித்திரை வரவில்லை.

வெயில் ஏறினால்
தொட்டியில் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஆவியாகும்.
உப்பு போகாது.
தாளைத் திருப்பினேன்,
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.